முள்ளும் கீரையும்



ஆங்கிலத்தில் ‘ஸ்பினாச்’ என்று ஒரு கீரை உண்டு. நம்மில் பலர் அதனைச் சந்தையில் காண்பதற்கு முன்னரே புத்தகத்தில் கண்டிருப்போம். புத்தகத்தில் காண்பதற்கு முன்னரே கேலிச்சித்திரத்தில் கண்டிருப்போம். அதற்குத் தமிழ் என்ன என்று கேட்டால், அகராதியைப் புரட்டிப் பழகியவர்கள் சற்றும் தயங்காமல் ‘பசலைக்கீரை’ என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அவ்வாறு சொன்னவனே.

பல ஆண்டுகளுக்கு முன்பு தோட்டப்பயிர்களைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழில் ஆக்கினேன். ஸ்பினாச் வரும் இடங்களிலெல்லாம் பசலை என்றே எழுதினேன். அச்சாகி வந்ததும், ஆற்றங்கரையில் கீரைப்பாத்தி வைத்திருந்த முதியவர் ஒருவருக்குப் பெருமையோடு படித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தம்பி, பசலை கொடி ஆயிற்றே! வெயில் ஏற ஏறத்தானே அது படரும்? நீ என்னவோ பனிக்காலத்தில் விதைக்க வேண்டும், வெயில் வந்தால் பூத்து வீணாகிவிடும் என்று எழுதியிருக்கிறாயே, இது எந்தப் பசலை?” என்றார். என்னிடம் விடை இல்லை. அந்த வினாவே இந்தப் பேச்சுக்கு வித்து.

கீரை, காய்களின் ஆங்கிலப் பெயர்கள் சில, தம் பொருளை ஒளிக்காமல் சொல்லிவிடும். ‘லெட்யூஸ்’ என்னும் இலையைக் கிள்ளினால் பால் வடியும். இலத்தீன் மொழியில் பாலுக்கு ‘லாக்’ என்று பெயர், அதிலிருந்து ‘லாக்டூகா’, அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘லெட்யூஸ்’ ஆயிற்று. ‘கேபேஜ்’ என்பது வட பிரான்சின் பழைய வழக்கில் ‘தலை’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. உருண்டு திரண்ட முட்டைக்கோசைப் பார்த்தவர்கள் அதைத் தலை என்றதில் வியப்பில்லை. இவற்றைப் போலவே ஸ்பினாச்சும் தன் பொருளைத் தானே சொல்லுவதாகத்தான் நெடுங்காலம் எண்ணினார்கள். இலத்தீனில் ‘ஸ்பினா’ என்றால் முள். இக்கீரையின் ஒரு வகைக்கு விதை முள்விதை. கையில் எடுத்தால் குத்தும். ஆகவே முள்விதை உடைய கீரை முட்கீரை, அதாவது ஸ்பினாச் என்று முடிவு கட்டினார்கள். பொருள் பொருந்துகிறது, ஒலியும் பொருந்துகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

சொல்லாராய்ச்சியில் ஒருவன் மிகவும் அஞ்ச வேண்டிய இடம் இதுதான். ‘அஸ்பாரகஸ்’ என்னும் தண்டுக்காய்க்கு ஆங்கிலப் பொதுமக்கள் ஒரு காலத்தில் ‘ஸ்பாரோ கிராஸ்’ என்றே பெயர் வழங்கினார்கள். சிட்டுக்குருவிப் புல் என்பது அதன் பொருள். அக்காய்க்கும் குருவிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. வாயில் நுழையாத அயற்சொல்லைத் தமக்குத் தெரிந்த சொற்களாக உடைத்துப் பொருள் காண்பது எல்லா நாட்டு மக்களுக்கும் உள்ள இயல்பு. கற்றவர்களுக்கும் இது உண்டு. கற்றவர்கள் செய்தால் அதற்கு இலத்தீன் பூச்சு ஏறிவிடுகிறது, வேற்றுமை அவ்வளவே.

முட்கதையை ஐயுறுவதற்கு முதற்காரணம் வரலாறு. பண்டைக் கிரேக்கரும் உரோமரும் இக்கீரையை அறிந்தவர்கள் அல்லர். உரோம நாட்டுப் பிளினி கி. பி. முதல் நூற்றாண்டில் கீரைகளையும் மூலிகைகளையும் பற்றி விரிவாக எழுதினார்; முட்டைக்கோசு இனத்தின் பெருமையைப் பேசினார்; லெட்யூஸின் வகைகளை அடுக்கினார். அவர் நூலில் ஸ்பினாச் இல்லை. தம் தோட்டத்திலேயே இல்லாத ஒரு கீரைக்கு உரோமர் எப்படிப் பெயர் வைத்திருக்க முடியும்?

அப்படியாயின் கீரை எங்கிருந்து வந்தது? அதன் காட்டு உறவினங்கள் இன்றும் நடு ஆசியாவிலும் மேற்கு ஆசியாவிலும் தாமாக வளர்கின்றன. துருக்கிஸ்தானத்தின் பெயர் தாங்கிய காட்டினமே பயிரினத்திற்கு மிக அணுக்கமானது என்று அண்மைக்கால மரபணு ஆராய்ச்சியும் காட்டுகிறது. அதனைப் பாத்தி கட்டிப் பயிராக்கிய பெருமை பாரசீகர்க்கு உரியது என்பர். பாரசீகத்தில் அதன் பெயர் ‘அஸ்பனாக்’. அரபியர் பாரசீகத்தை வென்றபோது அந்நாட்டின் சமையலையும் தோட்டக்கலையையும் தமதாக்கிக் கொண்டனர். அஸ்பனாக் அரபி நாவில் ‘இஸ்பனாக்’ என்று திரிந்தது. 10-ஆம் நூற்றாண்டு அளவில் அரபி மருத்துவ நூல்களிலும் உழவு நூல்களிலும் அது இடம்பெற்றுவிட்டது.

அரபியர் ஆட்சி வட ஆப்பிரிக்காவைக் கடந்து ஸ்பெயின் வரை பரவியிருந்த காலம் அது. அந்த நாட்டில் அவர்கள் வாய்க்கால் வெட்டினார்கள். ஏற்றங்களும் நீர்ச்சக்கரங்களும் அமைத்தார்கள். நெல்லையும் கரும்பையும் நாரத்தை இனங்களையும் பயிரிட்டார்கள். அவற்றோடு இக்கீரையும் சென்றது. செவில்லே நகரத்தில் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு அல் அவ்வாம் என்னும் உழவுநூலாசிரியர் இதனைக் கீரைகளின் தலைவன் என்று போற்றினார். அரபியரின் அண்டை அயலில் வாழ்ந்த கிறித்தவ மக்கள் கீரையை வாங்கியபோதே பெயரையும் வாங்கிக்கொண்டார்கள். போர்த்துகீசியர் நம் கரைக்கு வந்தபோது நாம் சாவியையும் ஜன்னலையும் அலமாரியையும் பெயரோடு வாங்கிக்கொள்ளவில்லையா? அதே போலத்தான். கேட்டலன் மொழியில் ‘எஸ்பினாக்’, பழைய பிரெஞ்சில் ‘எஸ்பினாச்’ என்று அச்சொல் படிப்படியாக வடக்கே ஏறிற்று.

இந்த இடத்தில் நம் காதுக்குப் பழக்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் கிராமத்து மக்கள் ‘ஸ்கூல்’ என்று சொல்வதில்லை; ‘இஸ்கூல்’ என்பார்கள். ‘ஸ்டேஷன்’ ‘இஸ்டேஷன்’ ஆகும். மெய்யெழுத்து மொழிமுதலில் வராது என்பது தமிழ் இலக்கணம். இலக்கணம் படியாதவர் நாவும் அந்த இலக்கணத்தின்படியே நடக்கிறது. நகரத்தார் இதைக் கேட்டு நகைப்பதுண்டு. ஆனால் ஸ்பானியரும் பழைய பிரெஞ்சுக்காரரும் செய்தது இதுவே. இலத்தீன் ‘ஸ்கோலா’ ஸ்பானியத்தில் ‘எஸ்குவேலா’ ஆயிற்று. முள்ளைக் குறிக்கும் ‘ஸ்பினா’ அங்கே ‘எஸ்பினா’ ஆயிற்று. கீரையின் பெயரோ அரபியிலிருந்தே இகரத்தோடு வந்து ‘எஸ்பினாகா’ என்று நின்றது. இரண்டு வேறு வழிகளில் வந்த இரண்டு சொற்கள் ஒரே ஊரில் ஒரே உடையோடு நின்றால், பார்ப்பவர்கள் அண்ணன் தம்பி என்று எண்ணுவது இயல்புதானே? இலத்தீன் அறிந்த துறவியர், மக்கள் பேச்சிலிருந்த எஸ்பினாகாவைத் தம் ஏடுகளில் எழுதும்போது முன்னின்ற உயிரை ஒட்டுயிர் என்று கருதி நீக்கிவிட்டு, முள்ளின் நினைவோடு ‘ஸ்பினாக்கியம்’ என எழுதினார்கள். 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவியும் பேரறிஞருமான ஆல்பர்ட்டஸ் மாக்னஸ் முள்விதை உடைய வகையை விவரித்தார். முள் கண்ணெதிரே இருந்தது. ஐயம் எழ இடமே இல்லாமற் போயிற்று.

ஆங்கிலத்துக்கு இச்சொல் பிரெஞ்சு வழியாகவே வந்தது. பிரெஞ்சிலிருந்து எடுக்கும்போது முன்னுள்ள எகரத்தைக் கழற்றிவிடுவது ஆங்கிலத்தின் பழக்கம். ‘எஸ்பிஸ்’ என்ற பிரெஞ்சுச் சொல் ‘ஸ்பைஸ்’ ஆனதும் இவ்வாறே. இரண்டாம் ரிச்சர்டு மன்னனின் சமையற்காரர்கள் தொகுத்த, ஏறத்தாழ 1390-ஆம் ஆண்டைச் சேர்ந்த சமையல் நூலில் இக்கீரையை வதக்கும் முறை ஒன்று காணப்படுகிறது. குளிர் விலகியதும் முதலில் தலைகாட்டும் கீரை இது. புலால் ஒழித்து நோன்பிருக்கும் தவக்காலமும் அப்போதே வருவதால், ஐரோப்பிய மடங்களில் இதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. நெடுங்காலம் இப்பெயரை ‘ஸ்பினேஜ்’ என்றும் எழுதினார்கள். இன்று எழுத்தில் ‘ச்’ நின்றாலும் ஆங்கிலேயர் வாயில் ‘ஸ்பினிஜ்’ என்றே ஒலிப்பதைக் கேட்கலாம். பழைய எழுத்து போனாலும் பழைய ஒலி போகவில்லை.

ஆகவே முட்கதை பொய்யா? சொல் முள்ளிலிருந்து பிறந்தது என்பது பொய். ஆனால் முள்ளின் நினைவு அந்தச் சொல் ஐரோப்பாவில் நிலைபெற உதவியது என்பது மெய். 1753-இல் சுவீடன் நாட்டுத் தாவர நூலார் லின்னேயஸ் இதற்கு ‘ஸ்பினாசியா ஒலரேசியா’ என்று பெயரிட்டார். பின்னுள்ள சொல்லுக்குக் கறித்தோட்டத்துக்கு உரியது என்பது பொருள். முன்னுள்ள சொல்லில் பாரசீகம் இலத்தீன் உடை அணிந்து நிற்கிறது.

மேற்கே சென்ற கதை இது. கிழக்கே சென்ற கதையும் உண்டு. 647-ஆம் ஆண்டில் நேபாள அரசர் சீனத்து டாங் பேரரசர் டைசுங்குக்கு அனுப்பிய காணிக்கைகளுள் இக்கீரையும் ஒன்று எனச் சீனர் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதைக் குறித்த பெயர் ‘போலெங்’. இப்பெயருக்கும் ‘பாலங்க்ய’ என்னும் வடசொல்லுக்கும் உள்ள ஒற்றுமையை அறிஞர் எடுத்துக் காட்டுவர். வட இந்தியாவின் ‘பாலக்’ அந்தக் குடும்பத்துப் பெயரே. சீனர் பின்னாளில் இதனைப் ‘பாரசீகக் கீரை’ என்றும் அழைத்தார்கள். இரண்டு திசைகளில் எது வழியாகத் தேடிச் சென்றாலும் பாரசீகத்தின் வாயிலையே அடைகிறோம்.

பாலக் என்றதும் நீங்கள், “ஓ, அதுவா! அது நம் கடைத்தெருவில் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறதே” என்பீர்கள். அங்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் சமவெளிச் சந்தையில் பாலக் என விற்பதில் பெரும்பகுதி, பீட்ரூட் கிழங்கின் உடன்பிறப்பான ஓர் இலைச்செடி. வெப்பம் தாங்கும், அறுக்க அறுக்கத் துளிர்க்கும். உண்மை ஸ்பினாச்சை வட இந்தியத் தோட்டக்காரர்கள் ‘விலாயத்தி பாலக்’, அதாவது சீமைப் பாலக் என்று பிரித்துச் சொல்வார்கள். பிரித்துச் சொல்ல அவர்களிடம் ஒரு சொல் இருக்கிறது. நம்மிடம் அதுவும் இல்லை.

இனி, முதியவர் கேட்ட பசலைக்கு வருவோம். பசலை வேறு குடும்பம். ஸ்பினாச் வேறு குடும்பம். ஸ்பினாச்சுக்கு உண்மையில் உறவினர் யாரென்று கேட்டால், நம் முளைக்கீரையும் சிறுகீரையும் அரைக்கீரையும் தண்டுக்கீரையும்தாம்! இவையெல்லாம் அமராந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அகராதி ஆசிரியர் அறிமுகமில்லாத பசலையின் கையில் ஸ்பினாச்சை ஒப்படைத்துவிட்டு, சொந்தக்காரர்களை வாசலில் நிற்க வைத்துவிட்டார். இந்தக் குழப்பத்திற்கு ஆங்கிலேயரும் ஒரு காரணம். தாம் சென்ற நாடுகளிலெல்லாம், வேகவைத்தால் தம் ஊர்க் கீரையைப் போலக் குழைந்த எதற்கும் ஸ்பினாச் என்றே பெயர் சூட்டினார்கள். கேப்டன் குக்கின் கப்பலில் சென்றவர்கள் நியூசிலாந்துக் கடற்கரையில் பறித்துத் தின்ற ஒரு செடி ‘நியூசிலாந்து ஸ்பினாச்’ ஆயிற்று. நம் பசலை ‘மலபார் ஸ்பினாச்’ ஆயிற்று. ‘சிலோன் ஸ்பினாச்’ என்றும் ஆயிற்று. அடைமொழியைக் கைவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டதால் வந்த வினைதான் என் கட்டுரையில் நேர்ந்த பிழை.

ஆனால் பசலையின் பெயருக்கு வேறொரு பெருமை உண்டு. பாடநூல்களில் இது இடம்பெறாதது எனக்குக் குறையாகவே படுகிறது. கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீட் என்பவர், மலையாளக் கரையின் செடிகொடிகளைப் படத்தோடு விவரிக்கும் பெருநூல் ஒன்றைத் தொகுப்பித்தார். ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்பது அதன் பெயர். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் 12 தொகுதிகளாக அது வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியரும் வேறு பல உள்ளூர் அறிஞரும் செடிகளை இனங்கண்டு பெயரும் பயனும் சொன்னார்கள். வான் ரீட் அவர்கள் சொன்ன பெயர்களை மாற்றாமல் எழுதினார். அதன் ஏழாம் தொகுதியில் நம் கொடி ‘பசெல்லா’ என்று வருகிறது. கன்னடத்தில் ‘பசளே’, மலையாளத்தில் ‘வசளை’, தமிழில் ‘பசலை’ அல்லது ‘பசளை’ என்று தென்னாட்டு மொழிகளில் வழங்கும் சொல்லே அது. லின்னேயஸ் 1753-இல் இக்கொடிக்குப் பெயர் வைக்கும்போது புதிதாக ஒன்றும் புனையவில்லை. ‘பசெல்லா’ என்பதையே பேரினத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டார். இன்று உலகின் எந்த மூலையிலுள்ள தாவரக்கூடத்திலும் அக்கொடியின் பெயர்ச்சீட்டில் அச்சொல் இருக்கிறது. ஒரு பாரசீகச் சொல்லை இலத்தீன் என்று நம்பி எழுதிய அதே நூலில், ஒரு தென்னிந்தியச் சொல்லை அவர் அப்படியே ஏற்றார்.

பசலை என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் மாணவர்க்கு அகப்பொருள் நினைவுக்கு வரும். தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் நிறவேறுபாட்டுக்கும் பசலை என்றே பெயர். திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். கொடியும் படர்கிறது, நோயும் படர்கிறது! இவ்விரண்டையும் இணைத்து உடனே ஒரு கதை கட்ட உங்களுக்குத் தோன்றினால், முள்விதையைக் கையில் வைத்திருந்த இலத்தீன் புலவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள்.

இக்கீரையைச் சுற்றி வளர்ந்த இன்னொரு கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. 1929-இல் அமெரிக்கச் செய்தித்தாளில் தோன்றிய பாப்பாய் என்னும் மாலுமி, டப்பாவைப் பிதுக்கி ஸ்பினாச்சை விழுங்கியதும் யானைப் பலம் பெறுவான். ஜெர்மானிய வேதியியலார் ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் தசமப்புள்ளியை இடம்மாற்றி வைத்துவிட்டார். கீரையின் இரும்புச்சத்து பத்து மடங்காகக் கணக்கில் ஏறிற்று. அதனால்தான் மாலுமி அதைத் தின்றான் என்று ஆசிரியர்கள் பலர் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். 1981-இல் ஹாம்ப்ளின் என்னும் மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியதும் இக்கதை ஊரெங்கும் பரவிற்று. பிழையை நம்பாதீர்கள் என்று எச்சரிப்பதற்காகவே சொல்லப்பட்ட கதை இது. 2010-இல் மைக் சட்டன் என்னும் ஆய்வாளர் அந்தத் தசமப்புள்ளியைத் தேடிப் பழைய ஏடுகளைப் புரட்டினார். அப்படி ஒரு பிழை நிகழ்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. மாலுமியோ, 1932-ஆம் ஆண்டுப் படத்திலேயே, தான் கீரை தின்பது வைட்டமின் ஏ சத்துக்காக என்று சொல்லியிருக்கிறான்! இரும்புக்கு அங்கே பேச்சே இல்லை.

பச்சைக் கீரை 100 கிராமில் ஏறத்தாழ 2.7 மில்லிகிராம் இரும்பு உண்டு. அதே கீரையில் 91 கிராமுக்கு மேல் தண்ணீர். தண்ணீரை வற்றச்செய்து உலர்ந்த இலையை எடையிட்டால் இரும்பின் விகிதம் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்துவிடும். அதில் புள்ளிப்பிழை ஏதும் வேண்டியதில்லை. இலையிலுள்ள இரும்பை நம் குடல் எளிதில் ஏற்பதில்லை என்பது வேறு செய்தி.

சோகை நோய்க்கும் இக்கீரைக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், ஆலைத்தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களை வாட்டிய ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். அது இரும்புக் குறையால் வந்ததன்று. ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான சாறு ஒன்று அதைத் தீர்ப்பதைக் கண்டார். அதிலுள்ள சத்து இன்னதென்று அப்போது தெரியவில்லை. 1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகிய மூவர் அத்தகைய சத்தொன்றைப் பிரித்தெடுத்தனர். அதற்கு அவர்கள் அரைத்துப் பிழிந்தது நான்கு டன் ஸ்பினாச் கீரை. இலையிலிருந்து கிடைத்ததால், இலத்தீனில் இலையைக் குறிக்கும் ‘ஃபோலியம்’ என்ற சொல்லைக் கொண்டு ‘ஃபோலிக் அமிலம்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று கருவுற்ற தாய்மார்க்கு மருத்துவமனைகளில் கொடுக்கும் மாத்திரையின் பெயரில் இருப்பது அந்த இலைதான்.

என் பழைய கட்டுரையைப் பின்னர் ஒரு தொகுப்பில் சேர்க்க நேர்ந்தபோது, பசலை என்று இருந்த இடங்களையெல்லாம் அடித்துவிட்டு ‘ஸ்பினாச்’ என்று தமிழ் எழுத்திலேயே எழுதினேன். அயற்பொருளின் பெயரைத் தமிழ் எழுத்தால் எழுதிக்கொள்வதற்கு நம் இலக்கணத்தில் இடமுண்டு. தமிழ்ச்சொல் இருக்க அயற்சொல் எதற்கு என்று நண்பர் ஒருவர் கடிந்துகொண்டார். இருக்கும் தமிழ்ச்சொல் வேறொரு கொடிக்குச் சொந்தமானது என்றேன். அவர் முழுமனத்தோடு ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

முதியவரிடமும் புதிய படியைக் கொண்டுபோய்க் காட்டினேன். எழுத்துக்கூட்டி, “இ-ஸ்பினாச்” என்று படித்தார். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். செவில்லே நகரத்துச் சந்தையில் ஒலித்தது போலவே ஒலித்தது. அவர் சிரிக்கவில்லை. “விதை எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார். நீலகிரி மலையில் கேட்டுப் பார்க்கலாம், நம் ஊர் வெயிலில் அது தாங்காது என்றேன். “மார்கழியில் ஒரு பாத்தி போட்டுப் பார்க்கிறேன் தம்பி” என்று சொல்லிவிட்டு, வேலியோரம் படர்ந்திருந்த பசலையைக் கிள்ள எழுந்து போனார்.